பகல் விளக்கும் காண்பவரின் கடமையும்

இரவில் வாகனத்தின் முகப்பு விளக்கு, ஓட்டுநர் சாலையைக் காண்பதற்காக எரிகிறது. பகலிலோ, அவர் பிறர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே எரிகிறது. நீண்ட குளிர்காலமும் தாழ்ந்த கதிரவனும் உடைய வடஐரோப்பாவில் வேரூன்றிய இவ்வழக்கம் 1977இல் சுவீடனில் ஆண்டு முழுவதற்குமான சட்டமாயிற்று. 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார் வகைகளில் பகல் விளக்கை, அதாவது எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் தானே எரியும் தனி விளக்கை, கட்டாயமாக்கியது. விபத்துக் கணக்கோடு முடிந்துவிடாத ஓர் அறவியல் வினா இதில் இருக்கிறது: கண்ணில் படுவது ஒருவருடைய கடமையாகிவிட்டால், காண்பவருடைய கடமை குறைந்துவிடுமா?

இவ்வினாவை ஆஸ்திரியாவின் பட்டறிவு கூர்மையாக்குகிறது. 2005 நவம்பரில் எல்லா வாகனங்களுக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கிய அந்நாடு, 2008 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. ஒளிரும் வாகனங்களையே தேடப் பழகிய கண், விளக்கில்லாமல் நடப்பவரையும் சைக்கிளில் செல்பவரையும் தவறவிடும் என்பது எதிர்ப்பாளர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. மனிதக் கவனம் அளவுக்குட்பட்டது; ஆகவே ஒவ்வொரு விளக்கும் அந்தப் பொதுச்செல்வத்திலிருந்து தனக்கொரு பங்கைக் கேட்கிறது, எல்லாரும் கேட்கும்போது, கேட்க வாயற்றவருடைய பங்கு சுருங்குகிறது.

வழிபாட்டின் சாரத்தைக் கவனத்திலேயே கண்ட பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் (1909–1943), கவனம் என்பதைப் புருவம் நெரித்து முயல்வதாக அன்றி, தன் எண்ணங்களை ஒதுக்கி வைத்து எதிரில் இருப்பதை ஏற்கக் காத்திருக்கும் நிலையாக விளக்கினார். அந்நோக்கில், பளிச்சிடுவதை மட்டும் கண்டுகொள்ளும் கண் இன்னும் கவனிக்கத் தொடங்கவில்லை. அது ஈர்க்கப்படுகிறது, அவ்வளவே. இதனால் விளக்கு வேண்டாம் என்றாகிவிடாது. யாருக்கு அது முதலில் தேவை என்பதே கேள்வி.

இந்தியா 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு அணையாதிருக்க வேண்டும் என விதித்தது, காருக்கு அவ்வாறு விதிக்கவில்லை. உருவில் சிறியவரும் அடிபட்டால் உயிரிழக்கக் கூடியவருமாகிய ஓட்டுநருக்கே அந்த ஒளியை ஒதுக்கியதால், அனைவருக்கும் விளக்கேற்றும் சட்டத்தைவிட இவ்விதி நீதிக்கு நெருக்கமானது எனலாம். ஆயினும் அதே சாலையை, தலையில் விறகுச் சுமையோடு கடக்கும் மூதாட்டிக்கு எந்த விதியாலும் விளக்குப் பொருத்த இயலாது. அவரைக் காணும் பொறுப்பு முழுவதும் வண்டி ஓட்டுபவரிடமே இருக்கிறது.