சுவரில் இருப்பது யாருடைய தரிசனம்?



இந்நாட்களில் வாலிபர் பலர் வீடு, கார், வெளிநாட்டு வேலை என்று படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, "விஷன் போர்டு" என்று சுவரில் மாட்டுகிறார்கள். தரிசனத்தை எழுதிவைக்கும்படி ஆபகூக்குக்கும் கர்த்தர் சொன்னாரே (ஆபகூக் 2:2). எழுதுவது தப்பில்லை. ஆனால் அது யாருடைய தரிசனம்?

இங்கிலாந்தில் செருப்புத் தைத்து வந்த வில்லியம் கேரி, காகிதங்களை ஒட்டித் தன் கையாலேயே உலகப் படம் வரைந்து, வேலை செய்யும் இடத்துச் சுவரில் மாட்டினார். எந்த தேசத்தில் எத்தனை ஜனங்கள், என்ன மார்க்கம் என்று அதில் குறித்து வைத்தார். 1793-ல் வங்காளம் வந்தார். உடனே அறுவடையா? இல்லை! 1794-ல் சின்ன மகன் பீட்டரை அடக்கம்பண்ணினார். கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றதோ 1800 டிசம்பரில். அந்த முதல் ஆத்துமாவுக்காக ஏழு வருஷம்! ஆபகூக்கின் அடுத்த வசனமும் காத்திருக்கத்தானே சொல்லுகிறது?

தேவபிள்ளையே, உன் அட்டையில் வீட்டுப் படம் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் பேர் இருக்கிறதா? நைனார்பாளையம் தொடங்கி கல்வராயன் மலை வரைக்கும் ஊர் ஊராக எழுது. இன்று ராத்திரியே ஒரு பேரைச் சொல்லி முழங்கால்படியிடு. நாள் சென்றாலும் சோர்ந்துபோகாதே. அந்தத் தரிசனத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார். ஆமென், அல்லேலூயா!