அழிந்ததா, ஒடுங்கியதா?

அலுவலகக் கணினிகள் அனைத்துக்கும் பொதுவான கோப்புச் சேமிப்பகமாக வைக்கப்படும் நாஸ் பெட்டி செயலிழந்தால், அதிலிருந்த கோப்புகள் இன்னும் உள்ளனவா, இல்லையா? இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட வினாவின் ஒரு வடிவம் இது. காரியம், அதாவது விளைவு, தோன்றுமுன்பும் மறைந்தபின்பும் காரணத்தில் உள்ளது என்பது சற்காரியவாதம். சாங்கியமும் சைவ சித்தாந்தமும் அதை ஏற்றன. நியாய வைசேடிகர் மறுத்தனர். அழிவால் வரும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்பது அவர்கள் துணிபு. அந்த இன்மையைப் பிரத்துவம்சாபாவம் என்றனர். உடைந்த குடம் திரும்பாது. வருவது வேறு குடம்.

பெட்டியின் மதர்போர்டு மட்டும் பழுதானால் வழக்கு எளிது. பெரும்பாலான நாஸ் பெட்டிகள் லினக்ஸில் இயங்குபவை. வட்டுகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் பொருத்தினால் பெரும்பாலும் கோப்புகள் வெளிப்படும். இதைச் சற்காரியவாதத்தின் வெற்றி என்று கொண்டாட முடியாது. தரவு எங்கும் போகவே இல்லை.

உண்மையான சோதனை, ஒரு வட்டே கெட்டாலும் தரவை மீட்கும்படி பல வட்டுகளில் பகிர்ந்து எழுதும் ரெய்டு 5 முறையில்தான் வருகிறது. இதைப் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை விவரித்தது. மூன்று வட்டுகளில் 1, 0, 1 என்று இருந்தால், 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி நான்காவதில் சரிபார்ப்பு எண்ணாக 0 எழுதப்படும். இரண்டாம் வட்டு கெட்டால் எஞ்சுபவை 1, 1, 0. ஏற்கெனவே இரட்டைப்படை, ஆகவே போனது 0. எஞ்சிய வட்டுகளில் எந்த ஒன்றைத் தனியே படித்தாலும் இந்த விடை கிடைக்காது. மூன்றும் சேர்ந்த உறவில் மட்டுமே அது இருக்கிறது.

புது வட்டில் எழுதப்படுவது புதுக் காரியமே என்று நியாய மரபினரான நையாயிகர் சொல்லலாம். ஆனால் தரவு என்பது காந்தப் பூச்சு அன்று, அதில் அமைந்த ஒழுங்கு. எள்ளில்தான் எண்ணெய் வரும், மணலில் வராது என்ற சாங்கியரின் வாதம் இங்கே முழு வலிமையோடு நிற்கிறது: எஞ்சிய மூன்று வட்டுகளிலிருந்து இழந்த அந்த எண் மட்டுமே வரும், வேறொன்று வர வழியில்லை. இந்த அளவில், காரியம் அழியாமல் காரணத்தில் அடங்குகிறது என்று சைவ சித்தாந்தம் சொல்லும் ஒடுக்கம் என்ற கருத்தே பொருத்தமானது.

இரண்டு வட்டுகள் கெட்டால் நிலைமை மாறுகிறது. 1, 0 மட்டும் எஞ்சினால், போனவை 1, 0 ஆகவும் இருக்கலாம், 0, 1 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சமமாக இடம் தரும் காரணத்தில் குறிப்பிட்ட ஒன்று ஒளிந்திருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. மேலெழுதப்பட்ட பகுதிக்கும் இதுவே கதி. இங்கே நையாயிகர் சொன்ன முடிவில்லாத இன்மை மெய்யாகிறது.

ஒடுக்கத்துக்கும் அழிவுக்கும் இடையிலுள்ள எல்லையை மனிதச் செயலும் தீர்மானிக்கிறது. அதனால்தான் மீட்புப் பணியாளர் முதலில் ஒவ்வொரு வட்டையும் எதுவும் எழுதாமல் முழுமையாகப் படியெடுத்து, அந்தப் படியில் மட்டுமே வேலை செய்கிறார். பதற்றத்தில் வட்டுகளின் வரிசையைத் தவறாகக் கொடுத்து வட்டுத் தொகுப்பைப் புதிதாக உருவாக்கினால், தவறான இடங்களில் சரிபார்ப்பு எண்கள் எழுதப்படும். ஒடுங்கிக் கிடந்த தரவு அப்போதுதான் அழிகிறது.