முழங்கால் மடங்காத நாளில்



இந்த மாதம் ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். 15 வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். எல்லாரும் பாயில் முழங்காற்படியிட்டிருந்தார்கள். பின்னால் ஒரு வயதான தாயார் மாத்திரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்போது 39 வயது. மைக்கைப் பிடித்து, "நாற்காலி விசுவாசிக்கு நாற்காலி ஆசீர்வாதந்தான் கிடைக்கும்" என்றேன். ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தத் தாயார் சபைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து வேதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, ஆராதனைக்கு வரலையே?"

"முழங்கால் மடங்க மாட்டேங்குது அய்யா. கீழே உட்கார்ந்தா ரெண்டு பேர் தூக்கி விடணும். இங்கேயே ஜெபிச்சுக்கிறேன். காலையில உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்."

அந்த வார்த்தை என்னைக் குத்தினது. இன்று எனக்கு 54 வயது. போன மாதம் முழு இரவு ஜெபத்தில் முழங்காற்படியிட்டவன் பெஞ்சைப் பிடித்துத்தான் எழும்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2 சாமுவேல் 19-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கீலேயாத்தியனாகிய பர்சிலாவைப் பார்க்கிறோம். அப்சலோமுக்குப் பயந்து ஓடின தாவீதுக்கு மக்னாயீமில் சாப்பாடு கொடுத்துத் தாங்கினவன். ராஜா திரும்பிப் போகும்போது, "என்னோடு எருசலேமுக்கு வா, உன்னைப் பராமரிக்கிறேன்" என்று அழைக்கிறான். பர்சிலாவுக்கு வயது 80. சாப்பிடுவதின் ருசி தெரியவில்லை, பாடுகிறவர்களின் சத்தம் கேட்கவில்லை, உமக்கு நான் ஏன் பாரமாயிருக்க வேண்டும் என்கிறான். வெட்கப்படவில்லை, மறைக்கவில்லை. தாவீதும் கடிந்துகொள்ளவில்லை, முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினான். அதே தாவீது பிற்பாடு கிழவனானபோது எத்தனை துணி போர்த்தியும் அவனுக்கு அனல் உண்டாகவில்லை என்று 1 இராஜாக்கள் முதலாம் அதிகாரத்தில் பார்க்கிறோம். எல்லாருக்கும் அந்த நாள் வரும், தேவ ஜனமே!

பர்சிலா சொன்னது இன்றைக்கு வைத்தியர்கள் சொல்லுகிறதோடு ஒத்துப்போகிறது. ருசியில் பெரும்பங்கு மூக்கின் வேலை. வயதாகும்போது மோப்ப சக்தி குறைகிறது; அதோடு ருசியும் போகிறது. "குழம்புல உப்பே இல்லை" என்று மாமியார் சொன்னால் மருமகள்மார் கோபப்படாதிருங்கள். காது விஷயத்தில் முதலில் போவது மெல்லிய, உயர்ந்த சத்தங்கள். பேசுகிறது கேட்கும், வார்த்தை பிரிந்து விளங்காது. அதனால் காதில் கத்துவதைவிட, முகத்துக்கு நேராக நின்று நிதானமாய்ப் பேசுவதே உதவி. தாவீதின் குளிருக்கும் காரணம் உண்டு. வயதாகும்போது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு மெலிகிறது, உடம்பு உண்டாக்குகிற சூடும் குறைகிறது.

இது 80 வயதில் திடீரென்று வருவதல்ல. எலும்பின் பலம் 30 வயது வாக்கில் உச்சத்துக்கு வருகிறது. பிறகு மெதுவாய் இறங்குகிறது. மாதவிடாய் நின்ற சகோதரிகளுக்கு முதல் சில வருஷங்களில் வேகமாய் இறங்குகிறது. தசையும் 30-க்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 40 தாண்டினால் கண்ணிலுள்ள லென்ஸ் நெகிழ்வை இழந்து, கிட்டத்து எழுத்து மங்குகிறது. நானும் வேதத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு, பல்பு மங்கல், அச்சு சரியில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கண்ணாடி போட்டேன். வசனம் தெளிவாய்த் தெரிந்தது. அல்லேலூயா!

"கண்ணாடி போடுவது விசுவாசக் குறைவு இல்லையா பாஸ்டர்?" என்று ஒரு வாலிபன் கேட்டான். மோசேக்கு 120 வயதிலும் கண் இருளடையவில்லை, மெய்தான். ஆனால் வாக்குத்தத்தத்தின் பிள்ளையாகிய ஈசாக்கின் கண் மங்கிப்போயிற்றே! யாக்கோபின் கண்ணும் மங்கிற்றே! அவர்களைத் தேவன் தள்ளிவிட்டாரா? பிரசங்கி 12-ல் சாலொமோன் முதுமையை ஒரு வீட்டைப்போலக் காட்டுகிறான். காவலாளிகள் நடுங்குகிறார்கள், அரைக்கிறவர்கள் குறைகிறார்கள், ஜன்னல் வழியாய்ப் பார்க்கிறவர்கள் மங்குகிறார்கள். கையும் பல்லும் கண்ணும்தான் அவை. அதைப் பாவம் என்று அவன் எழுதவில்லை. வாலிபத்திலேயே சிருஷ்டிகரை நினைக்கச் சொல்லுகிறான்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விட்டுவிடாதிருங்கள். நெஞ்சுவலி, திடீரென்று காது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, பேச்சு குழறுவது முதுமை அல்ல, வியாதி. ஜெபியுங்கள், தாமதிக்காமல் வைத்தியரிடமும் போங்கள். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியன்தானே! சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். சர்க்கரை இறங்கி மயங்கி விழுவது சாட்சி அல்ல. வயதானவர்களுக்குத் தாகமும் சரியாய்த் தெரியாது. கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். நீண்ட ஜெபத்துக்குப் பிறகு சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். வாலிபப் பிள்ளைகளே, போய்க் கை கொடுங்கள்.

வாலிபர்களே, உங்கள் முழங்கால் இன்று மடங்குகிறது. அதை இன்றே கர்த்தருக்குக் கொடுங்கள். முதியோரே, பவுல் 2 கொரிந்தியர் 4-ல் புறம்பான மனுஷன், உள்ளான மனுஷன் என்று இரண்டு பேரைக் காட்டுகிறான். ஒருவன் தேய்கிறான், மற்றவன் தினந்தோறும் புதிதாகிறான். தேய்கிறவனைப் பார்த்து, புதிதாகிறவனை மறந்துபோகாதிருங்கள்.

அந்தத் தாயாருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நானே முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு அவர்களை அழைத்து வந்தேன். மைக்கில் சபை முன்பாக மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பக்கத்திலிருந்த சகோதரியிடம், "அய்யா என்ன சொல்றாரு?" என்று கேட்டார்கள். காது சரியாய்க் கேட்காதது எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷம் என் பிரசங்கம் பாதிகூட விளங்காமல், ஒரு வாரம் தவறாமல் வந்திருக்கிறார்கள்! கீழே இறங்கிப் போய், முகத்துக்கு நேராக முழங்காற்படியிட்டு, மறுபடியும் சொன்னேன். சிரித்துக்கொண்டே என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள்.

இப்போது அவர்கள் கர்த்தரிடத்தில் இளைப்பாறுகிறார்கள். அந்த நாற்காலியை நாங்கள் எடுக்கவில்லை. அதின் பக்கத்தில் இன்று பதினொரு நாற்காலி இருக்கிறது. பன்னிரண்டாவது எனக்கு வேண்டியிருக்கும்.

நரைமயிர் மட்டும் சுமக்கிற தேவன் உங்களையும் சுமப்பாராக. ஆமென்.