புல்மேல் கிடக்கும் பந்தும் கர்த்தா யார் என்னும் கேள்வியும்

தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதிகளிலிருந்து வடக்கே சென்றால், திருவனந்தபுரத்துக் கவடியாரில், ஒன்பது குழிகள் கொண்ட பழைய கோல்ஃப் மைதானம் உண்டு. அங்கே ஆடப் பழகுகிறவனுக்கு நேரும் பெரிய சோதனை, டீ என்னும் சிறு முளையின் ஆதாரமின்றிப் புல்மேல் கிடக்கும் பந்தை ஃபேர்வே உட் என்னும் மட்டை கொண்டு அடிப்பதுதான். மூன்றாம் எண் உட்டின் முகம் சுமார் 15 பாகையே சாய்ந்திருப்பதால், அது பந்தை எழுப்பாதென்று அஞ்சி, உடலைப் பின்னே சாய்த்து, மணிக்கட்டை மடக்கி, தானே அதைத் தூக்கிவிட முயல்கிறான்; முயன்ற அக்கணமே மட்டை பந்துக்கு முன்னதாகத் தரையில் மோதுகிறது, அல்லது பந்தின் உச்சியைத் தடவிச் செல்கிறது. சாய்வு தன் காரியத்தைச் செய்யுமென்று விட்டு, மட்டையின் அடிப்பாகம் புல்லை உரசிச் செல்ல வீசுகிறவனுக்கோ பந்து எளிதில் எழுகிறது.

இப்படிச் சாய்விடம் விட்டுவிடுவது, பலனைத் துறக்கச் சொன்ன கீதையின் உபதேசந்தானா? முழுதும் அன்று என்பேன். குழியில் நட்ட கொடியின் திசையை நோக்காமல் எவன் நிற்கிறான்? துறக்க வேண்டியது இலக்கையன்று, எழுப்புகிறவன் நானே என்னும் அபிமானத்தை. கர்த்தா யார் என்னும் இக்கேள்வி மைதானத்துக்கு வெளியேயும் எழும்: நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில், 1888-ல், நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். கல்லைத் தெய்வமாக்கியவர் அவர்தாமா என்று கேட்டால், சைவ சித்தாந்தி ஒரு விடையும் அத்வைதி வேறொரு விடையும் சொல்வார்கள்.