கைக்கெட்டிய சந்தை

ஆப்பிளின் ஐபாட் 2001-இல் வந்தது. சோனி அதற்கு முன்பே, 1999-இல், மெமரி ஸ்டிக் வாக்மேன் என்ற கையடக்க இசைக்கருவியை விற்கத் தொடங்கிவிட்டது. கருவி செய்வதில் அது கைதேர்ந்தது. 1988-இல் வாங்கிய சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் வழியே பாட்டுகளும் சொந்தம். ஆனால் பாட்டுப் பிரிவுக்குத் திருட்டுப் பிரதி பயம். அதனால் கருவி எம்பி3 கோப்பை அப்படியே ஏற்காது. சோனியின் சொந்த அட்ராக் வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். பாட்டுக் கேட்க வந்தவருக்கு எதற்கு இந்த வேலை? 2004-இல்தான் சோனி இறங்கிவந்து எம்பி3-ஐ நேரடியாக ஏற்றது.

ஆப்பிளின் வெற்றியைத் தொலைநோக்கு என்கிறார்கள். பாதி உண்மை. காப்பாற்ற வேண்டிய இசைத்தட்டு வியாபாரம் ஆப்பிளுக்கு இல்லை என்பது மீதி. சோனியில் இசை விற்பனை சரிந்தால் அந்தப் பிரிவுத் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் தயங்கியதில் வியப்பில்லை. இரண்டு பிரிவுக்கும் மேலே இருந்தவர்கள்தான் முடிவெடுத்திருக்க வேண்டும்.