காணா நோவும் நம்பும் கடனும்

பிறர் உற்ற நோவை அறிதல் கூடுமா என்பது மெய்யியலார் நெடுநாள் வாதிட்டு வந்த வினா. ஒவ்வொருவரும் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளிருப்பது வண்டு என்கின்றனர். ஒருவர் பெட்டியை மற்றவர் திறந்து பார்த்தல் இயலாது. விற்கென்ஸ்ரைனின் இவ்வுவமை 1953 இல் வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்றது. வகுப்பறையில் இது சுவையான புதிர். மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, ஒரு கையால் நெற்றியை அழுத்தியவாறு தேசிய வைத்தியசாலை நோக்கி நடக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தம் சொல் அங்கே நம்பப்படுமா என்பதே அவர் கவலை.

ஒற்றைத் தலையிடி அத்தகைய நோய். துடிக்கும் வலி, குமட்டல், ஒளியையும் ஒலியையும் பொறுக்கவியலாமை என்பன அதன் இயல்புகள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி வந்து, அவற்றுள் 8 நாளேனும் இவ்வியல்புகளுடன் அமைந்து, 3 மாதத்துக்கு மேல் இந்நிலை நீடிக்குமாயின் அதனை நாட்பட்டதென வகுப்பர். குருதிச் சோதனையோ தலைப் படமோ இதனைக் காட்டுவதில்லை. வேறு நோய் இல்லையெனத் தெளியவே அவை உதவும். "படத்தில் ஒன்றுமில்லை" என்று வைத்தியர் கூறியது, வீடு வந்து சேர்வதற்குள் "உனக்கு ஒன்றுமில்லை" என்றாகிவிடுகின்றது. ஆண்களினும் பெண்களிடத்து ஏறத்தாழ மும்மடங்கு மிகுந்து காணப்படும் நோய் இது. அடுப்படியில் நிற்பவளின் தலையிடி சாட்டென்று பெயர் பெறுவது நம்மவர் வீடுகளிற் புதுமையன்று.

1864 இல் தொடங்கப்பெற்ற அவ்வைத்தியசாலை இன்றும் நோயாளரிடம் கட்டணம் பெறாது சிகிச்சை அளிக்கின்றது. அங்கே, விபத்திற் குருதி சிந்தி வருபவனுக்குத் தலையிடிக்காரர் வழிவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் இரவின் வரிசைக்குப் பொருந்தும் விதி ஆண்டு முழுவதற்குமான ஏற்பாடுகளையும் ஆளத் தொடங்கினால், கொல்லாத நோய் என்றும் வரிசையின் இறுதியிலேயே நிற்கும். கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் கணக்கெழுதும் ஒருத்தி, மாதத்திற் பாதி நாளை இருண்ட அறையிற் கழிப்பாளாயின், பத்தாண்டில் ஐந்தாண்டை இழந்தவளாவாள். இவ்விழப்பு எந்த மரணப் பதிவேட்டிலும் ஏறாது.

அவள் முதலில் நாடுவது மருந்துக்கடையை. பனடோல் போன்ற வலிமருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மாதங்கள் தொடர்ந்து விழுங்கினால், மருந்தே தலையிடியை வளர்க்கத் தொடங்கும். வலி வந்தபின் அடக்குதல் ஒன்று. வாராமற் குறைத்தல் வேறொன்று. பின்னதற்கு உதவும் மருந்துகளுட் பல பிற நோய்கட்கென ஆக்கப்பட்டவை: இருதய நோய்க்கு வந்த புரோப்ரனோலோல், மனச்சோர்வுக்கு வந்த அமிற்றிப்ரிலின், வலிப்புக்கு வந்த ரொப்பிரமேற். ஆஸ்துமா உடையவர்க்கு முதலாவது ஆகாது. கருவுற்றிருப்பவர்க்கு இறுதியானது ஆகாது. சிற்றளவிற் தொடங்கி மெல்ல உயர்த்தி, 8 முதல் 12 வாரம் பொறுத்த பின்னரே பயன் துணியப்படும். தலையிடி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது வெற்றி எனப்படும். நரம்பியல் நிபுணரின் தேவை இத்தெரிவிலும் பொறுமையிலுமே பெரிதும் உணரப்படுகின்றது.

அறவினாவும் இங்கேயே எழுகின்றது. நோயாளி, பயன் இன்னும் தோன்றாத குளிசையை, வாய் உலர்வையும் உறக்க மயக்கத்தையும் பொறுத்துக்கொண்டு வாரக்கணக்கில் விழுங்குகின்றாள். வைத்தியரோ அவள் நாட்குறிப்பில் இட்ட அடையாளங்களையே சான்றாகக் கொண்டு மருந்தைக் கூட்டுகின்றார், குறைக்கின்றார். இருவருள் ஒருவர் நம்ப மறுப்பினும் சிகிச்சை நிகழாது. ஆகவே நம்புதல் இரக்கத்தால் அளிக்கும் கொடை என்பதினும் சிகிச்சையின் ஓர் உறுப்பு எனல் பொருந்தும். பெட்டியைத் திறவாமலே வைத்தியம் நடக்கின்றது! பொய்யுரைப்பவரும் உளரே எனின், உளர். பொய்யரை நம்பியதால் வீணாவன சில மாதக் குளிசைகள். மெய்யரை நம்பாமையால் வீணாவன ஆண்டுகள். இரண்டையும் ஒரே தராசில் இட்டுச் சமன் என்பது கணக்கும் ஆகாது.

நம்பிக்கை மட்டும் போதாது என்பதை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி காட்டிற்று. அரச வைத்தியசாலைகளில் அப்போது மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. முன்தடுப்பு மருந்துக்கோ தொடர்ச்சியே உயிர். ஒற்றைத் தலையிடிக்கென்றே ஆக்கப்பெற்று 2018 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவரும் ஊசி மருந்துகள் உள. அவற்றின் விலையோ கடைக் கணக்கெழுதுபவளுக்கு எட்டாதது. பழைய, விலை குறைந்த குளிசைகளைத் தட்டின்றிக் கிடைக்கச் செய்வதே அரசின் முதற்கடன் எனத் தோன்றுகின்றது.

வள்ளுவர் மருந்தை நான்காகப் பகுத்தபோது நோயாளி, வைத்தியர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைபுரிபவரையும் சேர்த்தார். இந்நான்காமவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர். மின்விளக்கை அணைப்பதும், தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதும், நோயாளி எழுதவியலாத நாளில் நாட்குறிப்பில் அத்தேதிக்கு நேரே அடையாளமிட்டு வைப்பதும் அவர் செய்யத்தக்கன.