பூசைக்கு வந்த பயணி

குறைந்த காசோடும் முதுகில் ஒரு பையோடும் வியன்னாவுக்குப் போகிறவர்களிடையே நன்றாகப் பரவியிருக்கும் தகவல்களில் ஒன்று, புனித அகுஸ்தினார் கோயிலின் ஞாயிறு பூசை பற்றியது. காலை 11 மணிக்கு வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் சேர்ந்து ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் போன்றோரின் பூசை இசையை முழுமையாக நிகழ்த்துவார்கள், டிக்கெட் கிடையாது. அன்டன் புரூக்னரின் எஃப் மைனர் பூசை 1872இல் முதன்முதலாக ஒலித்ததும் இதே கோயிலில்தான். இப்படிக் கேட்கப் போகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர். சிலருக்கு எந்தக் கடவுள் மீதும் நம்பிக்கை இல்லை. வழிபடாத ஒருவர் வழிபாட்டுக்கு நடுவில் நின்று அதன் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு போவது நியாயமா? அங்கே நிற்பது நியாயம்தான் என்பது என் கட்சி. ஆனால் அழகை மட்டும் தனியே பிரித்து எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

இதற்குக் கடுமையான மறுப்பு, அந்தக் கோயிலுக்குப் பெயர் தந்த புனிதரிடமிருந்தே வருகிறது. தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் உருக்கிவிடும் வேளைகளைத் தண்டனைக்குரிய பாவமாகவே அகுஸ்தினார் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் பொருளையே நம்பாமல் பாட்டுக்காக மட்டும் வந்து நிற்பவரின் கதி என்ன? ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தாம் மனம் திரும்பிய புதிதில் திருச்சபைப் பாடல்கள் தமக்குக் கண்ணீர் வரவழைத்ததை நினைத்துப் பார்த்து, பலவீனமான உள்ளங்கள் செவியின்பத்தின் வழியாகவாவது பக்திக்கு எழட்டும் என்று பாட்டின் பக்கமே சாய்கிறார். நாம் கவனிக்க வேண்டியது, அவர் குற்றம் சாட்டியது வெளியாள் எவரையும் அல்ல, தம்மையே என்பதை. இசைக்காக மட்டும் வந்தவன் என்று எவரை ஒதுக்க நினைக்கிறோமோ, அவன் விசுவாசிக்குள்ளும் பாதி இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான்.

அந்த இசையை எழுதியவர்களுக்குள்ளும் அவன் இருந்தான். ஷூபர்ட் தம் ஆறு லத்தீன் பூசைகளிலும், விசுவாசப் பிரமாணத்தில் ஒரே கத்தோலிக்கத் திருச்சபையை ஏற்றுக்கொள்ளும் வாசகத்துக்கு இசை அமைக்காமல் விட்டார். அந்தக் காலத்தில் சொற்களை விட்டுப் பாடுவது வழக்கம்தான் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. ஆறு முறையும் அதே வாசகம் விடுபட்டதை வழக்கத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மொசார்ட்டின் ‘ரெக்வியம்’, இறந்துபோன மனைவியின் நினைவாகத் தாமே எழுதியது என்று காட்டிக்கொள்ள விரும்பிய ஒரு பிரபு காசு கொடுத்து ரகசியமாக எழுதச் சொன்னது. ஹைடனோ நேரெதிர்: உலகியல் படைப்புகளின் கையெழுத்துப் பிரதியிலும் கடைசியில் கடவுளுக்குப் புகழ் சொல்லித்தான் முடிப்பார். பேத்தோவனின் ‘மிஸ்ஸா சொலெம்னிஸ்’ கதை இன்னும் விசித்திரமானது. ருடால்ஃப் என்ற அரச குமாரர் 1820இல் பேராயராகப் பொறுப்பேற்கும் விழாவுக்காகத் தொடங்கியது. விழா முடிந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் எழுதி முடிந்தது. 1824 மே 7 அன்று வியன்னாவில் அதன் மூன்று பகுதிகள் ஒரு நாடகக் கொட்டகையில், ஒன்பதாம் சிம்பொனியோடு சேர்ந்து ஒலித்தன. பூசை வாசகங்களைக் கொட்டகையில் பாடுவதற்குத் தணிக்கை எதிர்ப்பு இருந்ததால், அறிவிப்பில் அவை கீர்த்தனங்கள் என்று பெயர் மாற்றப்பட்டன. புனிதத்துக்கும் ரசனைக்கும் நடுவே கோடு எங்கே என்பது இன்றைய பயணிகள் கிளப்பிவிட்ட குழப்பம் அல்ல.

இன்னொரு மறுப்பு எதிர்ப்புறத்திலிருந்து வரும். வியன்னா விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் 1854இல் வெளியிட்ட நூலில், இசையின் உள்ளடக்கம் உணர்ச்சி அல்ல, நாதத்தின் அசையும் வடிவங்களே என்று வாதிட்டார். ஹேண்டலின் ‘மெசையா’வில் பக்தியின் உச்சமாகக் கருதப்படும் சில கூட்டுப் பாடல்கள், அவர் முன்பு எழுதிய இத்தாலியக் காதல் பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது ஹான்ஸ்லிக்கின் சாட்சியங்களில் ஒன்று. வலுவான சாட்சிதான். மெட்டில் மதம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் பூசை வெறும் மெட்டு அல்லவே. கச்சேரி அரங்கில் ஒரு பூசை இசையின் பகுதிகள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. கோயிலில் இரக்கம் வேண்டும் பாடலும் வானவர் கீதமும் முடிந்ததும் வாத்தியங்கள் அடங்கி, வாசகங்களும் மறையுரையும் வருகின்றன. விசுவாசப் பிரமாணத்துக்குப் பிறகு மீண்டும் காத்திருப்பு. ‘தூயவர்’ பாடல் உச்சத்தைத் தொட்டதும் எழுந்தேற்றத்தின் மௌனம். இந்த இடைவெளிகள் தெரிந்துதான் இசை எழுதப்பட்டது. சால்ஸ்பர்க் பேராயர் நடத்தும் பூசை எவ்வளவு பெரியதானாலும் முக்கால் மணிக்குள் முடிய வேண்டும் என்று 1776இல் மொசார்ட் ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய அந்தக் காலத்துப் பூசைகள் சுருக்கமாக இருப்பதற்கு அதுவும் காரணம். சடங்கு அளந்து கொடுத்த காலத்துக்குள் பிறந்த வடிவத்தை, சடங்கை ஒதுக்கிவிட்டுத் தூய வடிவமாகக் கேட்கிறேன் என்றால், ஹான்ஸ்லிக் கேட்ட வடிவமே அரைகுறையாகிவிடும்.

அப்படியானால் கோயிலிலிருந்து பிரித்தெடுத்த கலை எல்லாமே ஊனப்பட்டதா? இங்கேதான் என் வாதத்துக்கு நிஜமான சோதனை. வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ரூபென்ஸ் தீட்டிய பிரம்மாண்டமான ஓவியம் ஒன்று இருக்கிறது: புனித சவேரியாரின் அற்புதங்கள். ஆன்ட்வெர்ப் நகர இயேசு சபைக் கோயிலின் பீடத்துக்காக ஏறத்தாழ 1617-18இல் வரைந்தது. 1773இல் சபை கலைக்கப்பட்ட பின், 1776இல் மகாராணி மரியா தெரேசா வாங்கி வியன்னாவுக்குக் கொண்டுவந்தார். சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணியாற்றியவர். ஓவியத்தில் அவர் கை உயர்த்தி நிற்க, இறந்தவர்கள் எழுகிறார்கள். பின்னால் ஒரு கோயிலில் விக்கிரகம் சரிந்து விழுகிறது. அந்தக் கரையின் மணப்பாட்டிலிருந்து போகும் ஒருவருக்கு இது தம் முன்னோரின் ஞானத்தந்தை. மதுரையிலிருந்து போகும் சைவருக்கோ, விழுவது தம் வீட்டுச் சாமியின் சாயல். பீடத்துக்கு மேலே தொங்கியபோது இந்த ஓவியம், முழங்காலிடு என்று ஆணையிட்டது. அருங்காட்சியகச் சுவரில் அந்த ஆணை ஓய்ந்துவிட்டது; அதனால்தான் அந்தச் சைவரும் கோபமின்றி நின்று, எழும் உடல்களில் ஓவியர் காட்டிய கைத்திறனைப் பார்க்க முடிகிறது. ஆகவே அருங்காட்சியகம் தருவது இழப்பு மட்டும் அல்ல. நம்பாதவருக்கு அது தரும் சுதந்திரம் பெரிய கொடை. ஆனால் அங்கே அவர் பார்ப்பது ஆணை நீங்கிய ஓவியத்தை. அதைப் பார்த்துவிட்டு ரூபென்ஸின் பக்தியையே உணர்ந்துவிட்டேன் என்று சொன்னால், அது மிகை.

பூசைக்குப் போகும்போது அந்தச் சுதந்திரம் கிடையாது. கிடைக்க வேண்டியதும் இல்லை. திருச்சபைதானே வணிகத்துக்கு வழிவிட்டது என்று கேட்கலாம். கார்ல்ஸ்கிர்ஷ கோயிலில் நுழையக் கட்டணம், மாலையில் விவால்டி கச்சேரி. அரண்மனைச் சிற்றாலயத்தில் சிறுவர் பாடற்குழு பாடும் பூசைக்கு இருக்கைக் கட்டணம். இதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் டிக்கெட் விற்றவர் செய்த தவறு, வாங்கியவருக்குக் கூடுதல் உரிமை எதையும் தந்துவிடாது. பூசை, கேட்பவரின் மனத்துக்குள் புகுந்து விசுவாசத்தைச் சோதிப்பதில்லை. அவருடைய நேரத்தையும் உடலையும்தான் கேட்கிறது. எழும்போது எழுவதும், மௌனத்தில் மௌனம் காப்பதும், புரியாத ஜெர்மன் மறையுரையைப் பொறுத்திருப்பதும் நம்பாதவராலும் முடியும். அப்பம் வாங்க வரிசையில் நிற்காமல் இருப்பதும் அந்த மரியாதையில் சேர்த்தி. இதைப் போலித்தனம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்: இன்னொருவர் வீட்டு இழவில் அழத் தெரியாவிட்டாலும் கடைசிவரை உட்கார்ந்திருப்பவரை நாம் போலி என்று சொல்வதில்லை.

வியன்னாவுக்குப் போகிறவர்கள் அகுஸ்தினார் கோயிலுக்கும் போகட்டும். பையைக் காலடியில் இறக்கி வைத்து, கைபேசியை அணைத்துவிட்டு, வானவர் கீதம் முடிந்ததும் நழுவாமல் கடைசி ஆசீர் வரை நிற்கட்டும். காணிக்கைத் தட்டு வரும்போது, ஒரு கச்சேரிக்குக் கொடுக்கக்கூடிய தொகையில் கொஞ்சமாவது அதில் போடட்டும்.